கட்டங்களில் எழுதிய கேள்வி

கணினியில் சேர்த்து வைத்த தகவலைக் கேட்டுப் பெறுவதற்கு இன்று இரு வழிகள் பரவலாக உள்ளன. எஸ்கியூஎல் என்னும் மொழியில் வாக்கியம் எழுதுவது ஒன்று. திரையில் விரியும் அட்டவணைக் கட்டங்களை நிரப்புவது மற்றொன்று. இரண்டாவதை, வாக்கியம் எழுதத் தெரியாதவர்க்கு இட்ட சலுகை என்றே கணினித் துறையினர் பலர் எண்ணுகின்றனர். வரலாற்றைப் புரட்டினால் அவ்வெண்ணம் நிற்பதில்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஐபிஎம் என்ற ஒரே நிறுவனத்தில் பிறந்த உடன்பிறப்புகள்.

1960களின் தரவுத்தளங்களில் தகவல், கிளைகளாகவும் வலைகளாகவும் பின்னப்பட்டிருந்தது. ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்குச் செல்லும் வழியை நிரல் எழுதுபவரே அறிந்து எழுத வேண்டும். 1973-இல் டூரிங் விருது பெற்ற சார்லஸ் பாக்மன் தம் விருதுரையில் நிரலரை வழியறிந்து கலம் செலுத்தும் மாலுமியாக உருவகித்தார். மாலுமிக்கு அது பெருமைதான். ஆனால் கப்பலில் ஏறிய பயணிக்கு, மாலுமி இன்றி எங்கும் போக இயலாது.

அந்நிலையை மாற்றும் கருத்து அதற்கு முன்பே வெளிவந்துவிட்டது. கலிஃபோர்னியாவின் சான் ஓசேயில் பணியாற்றிய எட்கர் காட், 1970 ஜூனில் வெளியிட்ட கட்டுரையில் உறவுமுறை மாதிரியை முன்வைத்தார். இங்கே உறவு என்பது மாமன் மைத்துனன் உறவன்று. வரிசைகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைக்குக் கணிதவியலார் வழங்கும் பெயர். எல்லாத் தகவலும் அட்டவணையே. எது வேண்டும் என்று கேட்டால் போதும், எப்படிப் போய் எடுப்பது என்பது கணினியின் பாடு. ஆனால் காட் தாம் வகுத்த வினவல் மொழியைக் கணிதத் தருக்கத்தின் குறியீடுகளால் அமைத்தார். பயணிக்கு மாலுமி தேவையில்லை என்றாயிற்று. பதிலுக்குத் தருக்கவியல் தேவைப்பட்டது.

இந்தத் தடையை இருவேறு திசைகளில் கடந்தனர். சான் ஓசேயில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் சீக்குவெல் என்ற மொழியை வெளியிட்டனர். அதுவே பின்னர் எஸ்கியூஎல் ஆயிற்று. ஆங்கில வாக்கியத்தின் சாயலில் கேள்வியை எழுதுவது அதன் நெறி. நாட்டின் மறுகரையில், நியூயார்க் மாநிலத்து யார்க்டவுன் ஹைட்ஸில் இருந்த ஆய்வகத்தில், மோஷே ஸ்லூஃப் வேறொன்றைக் கேட்டார்: தகவல் அட்டவணையாக இருக்கும்போது கேள்வி மட்டும் ஏன் வாக்கியமாக இருக்க வேண்டும்? 1975-இல் அவர் அளித்த விடைக்கு 'எடுத்துக்காட்டால் வினவல்' என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளால் கியூபிஇ என்பர்.

அதன் செயல்முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. பொருள்களின் அட்டவணை ஒன்று, 'பெயர்', 'நிறம்' என்ற பத்திகளோடு இருப்பதாகக் கொள்வோம். பச்சை நிறப் பொருள்கள் எவை என்று அறிய வேண்டும். கணினி வெற்று அட்டவணையைத் திரையில் காட்டும். நிறத்தின் கீழ் 'பச்சை' என்று எழுதுகிறோம். பெயரின் கீழ் 'பேனா' என்று எழுதி அடிக்கோடிட்டு, 'காட்டுக' என்பதற்கு அடையாளமாக 'பி' என்னும் ஆங்கில எழுத்தை அதன் முன் இடுகிறோம். அடிக்கோடில்லாத பச்சை, பச்சையே. அடிக்கோடிட்ட பேனாவோ பேனா அன்று. விடை இப்படி இருக்கும் என்று காட்டும் ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. கடையில் பேனாவே இல்லாவிட்டாலும் கேள்வி பழுதின்றி நடக்கும்.

யாப்பிலக்கணம் நடத்தும் நமக்கு இது புதிதன்று. தேமா என்று வாய்பாடு சொல்லும்போது எவரும் மாமரத்தை நினைப்பதில்லை. நேரசை இரண்டு அடுத்து வரும் எந்தச் சீரும் தேமாவே. 'பேனா'வும் தேமாதான்! வெறும் குறியீட்டைவிட, தன் வகைக்குத் தானே சான்றாக நிற்கும் ஒரு சொல் மனத்தில் எளிதாகப் பதியும் என்பதை வாய்பாடு வகுத்தோர் அறிந்திருந்தனர். தருக்கவியலார் எக்ஸ் என்றும் ஒய் என்றும் எழுதும் இடத்தில் ஸ்லூஃப் ஒரு பேனாவை வைத்தார்.

கருத்தின் உண்மையான வலிமை இரண்டாவது அட்டவணை வரும்போது விளங்கும். எந்தப் பிரிவு எந்தப் பொருளை விற்கிறது என்பது வேறோர் அட்டவணையில் இருக்கிறது. பச்சைப் பொருள்களை விற்கும் பிரிவுகள் தேவை. இரண்டு அட்டவணைகளிலும் பொருளுக்குரிய கட்டத்தில் அடிக்கோடிட்ட அதே பேனாவை எழுதினால் முடிந்தது. எடுத்துக்காட்டே இரண்டையும் தைக்கும் நூலாகிவிடுகிறது. நிரல் எழுதிப் பழகாதவர்கள் இம்முறையை எப்படிக் கற்கின்றனர் என்று தாமஸ், கூல்ட் என்ற ஐபிஎம் ஆய்வாளர் இருவர் 1975-இலேயே சோதித்து எழுதினர். பயன்படுத்துவோரின் மனத்தை ஆராய்வது அன்று அரிதாக இருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

பிறகு நடந்தது சந்தையின் கதை, விரைவாகச் சொல்லிவிடலாம். ஐபிஎம் இரண்டையும் விற்றது. ஆனால் 1979-இல் ஆரக்கிள் எஸ்கியூஎல்லை ஏற்றது. 1986-இல் அமெரிக்கத் தர நிறுவனம் அதையே தரமாக்கியது. வாக்கியத்தை நிரலுக்குள் பொதிந்து வைக்கலாம், கடிதத்தில் எழுதியும் அனுப்பலாம். கட்டத்துக்கு அந்த வசதி இல்லை. கட்டம் தனியாள் கணினியில் ஒதுங்கியது. 1985-இல் வந்த பாரடாக்ஸ், ஸ்லூஃபின் எடுத்துக்காட்டுச் சொல்லை விடாமல் காத்தது. 1992-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் அட்டவணைகளைச் சிறு பெட்டிகளாக்கி அவற்றுக்கிடையே கோடு இழுக்கச் செய்தது. அலுவலகங்களில் எழுத்தரும் கணக்கரும் தாமே வினவக் கற்றது பெரும்பாலும் இத்தகைய கருவிகளால்தான். கீழே கட்டங்கள் இருந்தன, பேனா மறைந்தது. நிரப்பிய கட்டத்தை உள்ளே எஸ்கியூஎல்லாக மாற்றியே ஆக்சஸ் இயங்குகிறது. கட்டம், வாக்கியத்துக்கு மேலாடை ஆனது இவ்வாறுதான். எடுத்துக்காட்டு என்ற கருத்தை இழந்த கட்டத்தை அதன் பெயராலேயே அழைத்து வருவது நமக்குச் சற்று வருத்தம் தருகிறது.

இழக்காமல் நின்ற நன்மை ஒன்றும் உண்டு. 'சென்னையிலும் மதுரையிலும் உள்ள மாணவர் பட்டியல் வேண்டும்' என்கிறோம். நம் 'உம்' அங்கே இரண்டு ஊர்களையும் கூட்டுகிறது. இதை அப்படியே 'ஊர் சென்னை, மற்றும் ஊர் மதுரை' என்று எஸ்கியூஎல்லில் எழுதினால் ஒரு பெயரும் வராது. ஒரே மாணவரின் ஊர் ஒரே சமயத்தில் இரண்டாக இருக்க முடியாதல்லவா? தருக்கத்தில் அங்கே 'அல்லது' வேண்டும். ஆங்கிலத்திலும் இதே இடறல் உண்டு. கட்டத்திலோ அச்சொல்லை எழுத வேண்டியதில்லை. ஒரே வரிசையில் எழுதிய நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேற வேண்டும். தனித்தனி வரிசைகளில் எழுதினால் ஏதேனும் ஒன்று போதும். சென்னையை ஒரு வரிசையிலும் மதுரையை அடுத்த வரிசையிலும் எழுதுகையில் இடமே இலக்கணமாகிறது.

எல்லாக் கேள்விகளும் கட்டத்தில் அடங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'எல்லாத் தாள்களிலும் தேறிய மாணவர் யார்' என்பதில் வரும் 'எல்லா' கட்டத்தை மிகவும் தவிக்க வைக்கும். இரண்டு வினவல்களின் விடைகளை ஒன்றாக அடுக்கக் கேட்டால், அதை வரைந்து காட்ட ஆக்சஸின் கட்டத்தால் இயலாது. எஸ்கியூஎல் வாக்கியமாகவே எழுத வேண்டும்.

இப்போது பேச்சுமொழியில் கேட்டால் செயற்கை நுண்ணறிவே எஸ்கியூஎல் எழுதித் தருகிறது. 'சென்னையிலும் மதுரையிலும்' என்று கேட்டவர், அந்த 'உம்' எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதை அறிய, தமக்குத் தெரியாத மொழியின் வாக்கியத்தைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. கட்டத்தில் அது கண்ணெதிரே இரண்டு வரிசைகளாக நின்றது.