நிறம் மாறாத பல்

கல்யாணத்துக்கு முன் பற்களை ப்ளீச் செய்து, அந்த வெள்ளைக்குப் பொருத்தமாக உடைந்த முன்பல்லில் பீங்கான் ஒட்டிக்கொண்டேன். பத்து வருஷ டீயில் மற்ற பற்கள் பழுப்பேறிவிட்டன. பீங்கான் அப்படியே இருக்கு. ஓரத்துப் பசைக்கோடு மட்டும் லேசாகக் கறுத்திருக்கு.

1930களில் ஹாலிவுட் பல் மருத்துவர் சார்லஸ் பிங்கஸ் நடிகர்களுக்கு மாட்டியது வேற சமாச்சாரம். பல்செட் பவுடரால் ஒட்டிய மெல்லிய பீங்கான். ஷூட்டிங் முடிஞ்சா கழற்றிடலாம். கறையைப் பற்றி யாருக்குக் கவலை?

1955இல் மைக்கேல் பூனோகோர், அமிலம் தடவி எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பிசின் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். 1983இல் சைமன்சனும் கலாமியாவும் பீங்கானையே அமிலத்தால் அரித்து, பிசின் பிடிக்கும் என்று காட்டினார்கள். அப்புறம்தான் ஒட்டியது நிரந்தரமாச்சு, கூடவே அதன் நிறமும். பீங்கானை ப்ளீச் செய்ய முடியாது.

கல்யாண ஆல்பத்தில் எது பீங்கான் என்று எனக்கே தெரியவில்லை.