வெற்று நகரைப் பிடித்தவர்கள்: பப்ஜியும் அதை வெல்ல வந்த விளையாட்டுகளும்

இணையவழி விளையாட்டுத் தொழிலின் கால்நூற்றாண்டு வரலாற்றில் ஒரே நாடகம் பலமுறை அரங்கேறியிருக்கிறது: ஒரு விளையாட்டு ஆண்டுக்கணக்கில் ஆட்சி செய்யும்; அதை வீழ்த்துவதற்கென்றே பிறந்ததாகச் சொல்லிக்கொண்டு இன்னொன்று பெரும் ஆரவாரத்தோடு வந்து இறங்கும்; வெளியீட்டு நாளன்று கூட்டம் அலைமோதும்; சில மாதங்களில் ஆரவாரம் அடங்கியபின் பார்த்தால் பழையதே ஆட்சியில் இருக்கும். தெற்காசியாவில் இந்த நாடகம் 2020 முதல் 2024 வரையிலான ஆண்டுகளில், பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கிச் சமர் விளையாட்டை முன்வைத்து நடந்தது. இந்தியாவில் இருந்து பார்த்தவர்களுக்கு அது தேசப்பற்றின் கதையாகத் தோன்றியது. பாக்கு நீரிணைக்கு இப்பால், கட்டுகஸ்தோட்டையில் இருந்து குருணாகல் நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்த கலகெதர போன்றதொரு கண்டி மாவட்டச் சிறுநகரில் இருந்து பார்த்தால் அதே கதை வேறுவிதமாகத் தெரிகிறது. ஏனெனில் இந்தியாவில் ஆளும் விளையாட்டை அரசாணை அகற்றியது, இலங்கையிலோ அது தன் இடத்தை விட்டு அசையவேயில்லை.

இந்த வகை அறைகூவலுக்கு மேற்குலகில் ஒரு முன்வரலாறு உண்டு. 2004 நவம்பரில் பிலிசார்ட் நிறுவனம் வெளியிட்ட ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’, ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகில் ஒரே நேரத்தில் உலவும் விளையாட்டு. மாதச் சந்தா செலுத்தி அதை விளையாடியோரின் தொகை 2010 ஒக்டோபரில் 1.2 கோடியைத் தொட்டது. அந்தச் சந்தா வருமானத்தில் பங்கு கேட்டு வந்தவற்றையெல்லாம் ‘வோவ் கொலையாளி’ என்று விளையாட்டுப் பத்திரிகைகள் அழைத்தன; ‘வோவ்’ என்பது அந்த விளையாட்டுப் பெயரின் ஆங்கில முதலெழுத்துச் சுருக்கம். அந்தப் பட்டத்தைச் சூடிய எதுவும் அந்தக் கொலையைச் செய்யவில்லை. 2008 செப்டெம்பரில் வந்த ‘வோர்ஹாமர் ஒன்லைன்’ முதல் வாரங்களில் இலட்சக்கணக்கானோரைத் திரட்டி, சில மாதங்களில் பெரும்பாலானோரை இழந்து, 2013 டிசெம்பரில் மூடப்பட்டது. 2011 டிசெம்பரில் வந்த ‘ஸ்டார் வோர்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்’ பெரும் பொருட்செலவில் உருவாகி, 17 இலட்சம் சந்தாதாரரைப் பெற்று, ஓராண்டு நிறைவதற்குள் இலவச விளையாட்டாக மாறியது. விதிவிலக்கான ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ கற்பிப்பது அதிகம்: 2010இல் படுதோல்வி அடைந்த அது, தன் உலகையே அழித்து 2013 ஓகஸ்டில் புதிதாகக் கட்டப்பட்டு, யாரையும் வீழ்த்தப்போவதாகச் சொல்லாமல் தன் ஆட்டக்காரரைப் பேணி வந்தது, 2021 டிசெம்பரில் வரிசையில் நின்றவர்களின் நெரிசல் தாளாமல் தன் விற்பனையைத் தானே சிலகாலம் நிறுத்தவேண்டிய நிலைக்கு அது வந்தது.

சந்தா உலகங்களின் இந்தப் போர் இலங்கையின் மலைநாட்டை அதிகம் தொடவில்லை. மாதந்தோறும் டொலரில் பணம் கட்டுவதற்கு வேண்டிய கடனட்டையும், நாள்முழுதும் அறுபடாத இணைப்பும் அங்கு பொதுவாக வீடுகளில் இருக்கவில்லை. அடுத்த ஆட்சி கைத்தொலைபேசியில் வந்ததால்தான் அது கலகெதரவின் கதையுமாயிற்று.

‘பட்டில் ரோயல்’ எனப்படும் வகை, ஒரு தீவில் இறக்கிவிடப்படும் ஏறத்தாழ நூறு பேர், சுருங்கிக்கொண்டே வரும் எல்லைக்குள் ஒருவரையொருவர் வீழ்த்தி, இறுதியில் ஒருவரோ ஓர் அணியோ மட்டும் எஞ்சும் ஆட்டமாகும். பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரர், பிறர் ஆக்கிய போர் விளையாட்டுகளின் மேல் தாம் கட்டிய மாற்றுவடிவங்களின் வழியே இதைச் செப்பமாக்கி, தென்கொரிய நிறுவனமான புளூஹோலின் துணையோடு 2017 மார்ச்சில் கணினிக்கான பப்ஜியை வெளியிட்டார். 2018 ஜனவரியில் ஒரே நேரத்தில் 32 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். அதற்கான அறைகூவலும் உடனே வந்தது: எபிக் நிறுவனத்தின் ‘ஃபோர்ட்நைட்’ 2017 செப்டெம்பரில் இதே வகை ஆட்டத்தை இலவசமாகத் தந்து மேற்கு நாடுகளில் முந்திச் சென்றது. 2019 பெப்ரவரியில் ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ முன்னறிவிப்போ விளம்பரமோ இன்றி ஒரே நாளில் வெளிவந்து, ஒரு வாரத்தில் இரண்டரைக் கோடி ஆட்டக்காரரைச் சேர்த்தது. முரசறைந்து வந்தவற்றின் பட்டியலையும் முரசறையாமல் வந்த இதனையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், விளம்பரச் செலவுக்கும் நிலைபேற்றுக்கும் இடையே நேரான தொடர்பு உண்டென்று எளிதில் நம்பமாட்டார்.

சீன நிறுவனமான டென்சென்ட் உருவாக்கிய பப்ஜி மொபைல் 2018 மார்ச் 19இல் உலகெங்கும் வெளியானது. கண்டி மாவட்டத்தைப் பொறுத்தவரை அந்தத் திகதிக்குத் தனி நினைவு உண்டு. அந்த மாதத் தொடக்கத்தில் திகனவில் மூண்ட முஸ்லிம் எதிர்ப்பு வன்முறையையடுத்து அவசரகாலநிலை அறிவிக்கப்பட்டு, பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியவை நாடு முழுதும் முடக்கப்பட்டன. பேஸ்புக்கின் மீதான தடை நீங்கியது மார்ச் 15இல். குரலால் பேசிக்கொள்ளும் வசதியைத் தன்னுள்ளேயே கொண்ட ஒரு விளையாட்டு அதற்கு நான்கு நாள் கழித்து வந்தது தற்செயல்தான். ஆயினும் விளையாட்டு என்ற பெயரில் இளைஞர் கூடிப் பேசும் புதியதொரு மன்றம், அரசுகளும் பெற்றோரும் கவனிக்குமுன்பே அமைந்துவிட்டது என்பதை அந்த அடுத்தடுத்த திகதிகள் காட்டுகின்றன.

இந்த ஆட்டம் ஆட்சி செய்வதற்கு உதவியவை மூன்று: வீட்டில் இருக்கும் தொலைபேசியின் தரம், டேட்டாவின் விலை, உடன் ஆடும் மூன்று பேர். ‘ஸ்குவாட்’ எனப்படும் நால்வர் அணியே அதன் அடிப்படை அலகு. வகுப்பில் மூவர் ஆடும்போது நான்காமவன் வேறொன்றைத் தேர்வதற்கு அந்த வேறொன்று எவ்வளவு அழகாயிருந்தும் பயனில்லை. பொருளியலாளர் ‘வலைப்பின்னல் விளைவு’ என்று கூறுவது இதையே: பயனர் பெருகப் பெருக ஒரு சேவையின் பெறுமதியும் பெருகுவதால், முதலில் கூட்டம் சேர்த்தவரிடமே மேலும் கூட்டம் சேரும். இலங்கையில் டேட்டாப் பொதிகள் பலவும் எந்நேரமும் பயன்படுத்தும் பகுதி, நள்ளிரவுக்குப் பிந்திய பகுதி எனப் பிரித்து விற்கப்பட்டமையால், ஆட்டம் எந்த நேரத்தில் நடக்கவேண்டும் என்பதைக்கூட ஓரளவு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் விலைப்பட்டியலே முடிவுசெய்தது. விடியும்வரை விழித்திருக்கும் பிள்ளைகளைப் பற்றிக் குறைப்பட்டவர்கள் இதைப் பெரும்பாலும் எண்ணிப்பார்க்கவில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டுக் கல்வி இணையத்துக்கு மாறியபோது, அதுவரை தொலைபேசி கிடைக்காதிருந்த மாணவர் பலரின் கையிலும் பாடத்தின் பெயரால் அது வந்து சேர்ந்தது.

பப்ஜிக்கு இந்த மண்ணில் எழுந்த மெய்யான போட்டி, தன்னை வீரனாக அறிவித்துக்கொண்ட எதிலிருந்தும் வரவில்லை. சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் 2017இன் பிற்பகுதியில் வெளியிட்ட ‘ஃப்ரீ ஃபயர்’, நூறு பேருக்குப் பதில் ஐம்பது பேரை, அரைமணிக்குப் பதில் பத்து நிமிடத்தை, விலையுயர்ந்த தொலைபேசிக்குப் பதில் குறைந்த நினைவகமுள்ள மலிவான தொலைபேசியைக் கணக்கில் கொண்டது. அண்ணன் கைவிட்ட பழைய தொலைபேசியிலும் அது ஓடியது. ஓவியத் தரத்தைக் கண்டு பப்ஜிக்காரர் அதை ஏளனம் செய்தனர். ஆனால் 2019இல் உலகில் மிக அதிகமாகப் பதிவிறக்கப்பட்ட கைத்தொலைபேசி விளையாட்டு அதுவே. எளிய தொலைபேசிகளுக்கென்று ‘பப்ஜி மொபைல் லைட்’ என்ற மெலிந்த வடிவத்தை அதே ஆண்டில் பரவலாக்க வேண்டிவந்தது, ஏளனத்துக்குள் இருந்த அச்சத்துக்குச் சான்று. ஃபோர்ட்நைட்டோ நல்ல தொலைபேசியையே வேண்டி நின்றதோடு, அன்ட்ராய்டு பயனரைக் கூகுள் கடைக்கு வெளியே நெடுநாள் அலையவிட்டதால், மேற்கில் வென்றும் இங்கு வேரூன்றவில்லை.

இந்தியாவில் நடந்தது வேறு. 2016 செப்டெம்பரில் ஜியோ நிறுவனம் டேட்டா விலையைத் தரைமட்டமாக்கியபின் வளர்ந்த தலைமுறை பப்ஜியை அள்ளிக்கொண்டது. 2019 ஜனவரியில் தேர்வுகளைப் பற்றி மாணவர் பெற்றோருடன் நடந்த உரையாடலில், மகனின் விளையாட்டு மோகத்தைச் சொல்லி வருந்திய ஒரு தாயிடம், அவன் பப்ஜிக்காரனா என்று பிரதமர் மோடியே கேட்கும் அளவுக்கு அதன் பெயர் பரவியிருந்தது. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நிகழ்ந்த மோதலில் இந்தியப் படையினர் 20 பேர் உயிரிழந்ததன் பின்னர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் சீனத் தொடர்புள்ள செயலிகள் தொகுதி தொகுதியாகத் தடைசெய்யப்பட்டன. செப்டெம்பர் 2ஆம் திகதி தடைசெய்யப்பட்ட 118 செயலிகளுள் பப்ஜி மொபைலும் ஒன்று. டென்சென்டின் இன்னொரு கலையகம் உருவாக்கிய ‘கோல் ஒஃப் டியூட்டி: மொபைல்’, அமெரிக்க நிறுவனத்தின் பெயரில் வெளியிடப்பட்டிருந்ததால், தொடாமல் விடப்பட்டது.

தடைக்கு இரண்டு நாள் கழித்து, நடிகர் அக்சய் குமார் ‘ஃபௌஜி’ என்ற விளையாட்டை அறிவித்தார். பெங்களூரின் என்கோர் கேம்ஸ் உருவாக்கிய அது, நிகர வருமானத்தில் 20 விழுக்காட்டை வீழ்ந்த படையினரின் குடும்பங்களுக்கான நிதியத்துக்கு அளிப்பதாக உறுதிகூறியது. நவம்பர் இறுதியில் முன்பதிவு தொடங்கியதும் ஒரே நாளில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்தனர். முன்பதிவு என்பது விளையாட்டு வெளிவருமுன்னே அதைப் பெறுவதற்குச் சம்மதம் தெரிவிக்கும் ஒரு தொடுகை. அதற்குச் செலவில்லை, கடப்பாடும் இல்லை, ஆகவே ஆர்வத்தை அளக்கும் கருவியாக அது மிகப் பலவீனமானது. ஆயினும் அந்த எண்ணே செய்தியாயிற்று. 2021 ஜனவரி 26இல், குடியரசு நாளன்று, விளையாட்டு வந்தது. பப்ஜியை மறந்துவிடலாம் என்று காத்திருந்தோர் கண்டது, தனியாள் மட்டும் கல்வான் மலைச்சரிவில் கைகலப்பில் ஈடுபடும் சிறிய கதையாட்டத்தை. நால்வர் அணியும் இல்லை, நூறு பேர் இறங்கும் தீவும் இல்லை, தொடக்கத்தில் துப்பாக்கியும் இல்லை. கூகுள் கடையில் அதன் மதிப்பெண் விரைந்து சரிந்தது. அணிகளாக மோதும் முறை ஜூனில்தான் சோதனை வடிவில் சேர்க்கப்பட்டது.

இதற்கு ஒப்பான நிகழ்ச்சி கலகெதரவின் பழைய வரலாற்றிலேயே உண்டு. 1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டோவலின் பிரித்தானியப் படை, கலகெதரவிலும் அதனை அடுத்த கிரிஹாகமவிலும் இருந்த கண்டியரசின் காவலரண்களைப் பிடித்து மேலேறி, கண்டி நகரை அடைந்தபோது மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் குடிகளும் அதைவிட்டு அகன்றிருந்தனர். ஆளில்லாத தலைநகரில் பிரித்தானியர் முத்துசாமி என்பவரை அரசராக அமர்த்தினர். ஏற்பதற்குக் குடிகள் வரவில்லை. ஜூனில் காவற்படை சரணடைய அந்த ஆட்சி முடிந்து மன்னன் மீண்டான். அரசாணையால் காலியாக்கப்பட்ட சந்தையில் நுழைந்த ஃபௌஜியின் நிலையும் இதுவே. குடிகள் காணாமற்போகவில்லை, ஃப்ரீ ஃபயருக்கும் கோல் ஒஃப் டியூட்டிக்கும் சென்றனர், அல்லது இடத்தை மறைக்கும் விபிஎன் செயலிகளின் துணையோடு பப்ஜியின் பிறநாட்டு வடிவங்களிலேயே தங்கினர்.

மன்னன் மீண்டது 2021 ஜூலை 2இல். பப்ஜியின் கொரிய உரிமையாளரான கிராஃப்டன், இந்தியாவில் டென்சென்டின் வெளியீட்டுரிமையை விலக்கி, ‘பட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பெயரில் அதே ஆட்டத்தைக் கொண்டுவந்தது. சிந்தும் இரத்தம் பச்சையாயிற்று, சிறுவருக்கு நாளொன்றுக்கு மூன்று மணிநேர வரம்பு விதிக்கப்பட்டது, மற்றவை அப்படியே இருந்தன. ஒரே வாரத்தில் 3.4 கோடிப் பேர் பதிவுசெய்ததாக நிறுவனம் கூறியது. அது இலங்கையின் குடித்தொகையைப் போல் ஒன்றரை மடங்கு. 2022 பெப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும், ஜூலையில் இந்தப் பட்டில்கிரவுண்ட்ஸும் அகற்றப்பட, சிம்மாசனம் மீண்டும் காலியாயிற்று. அப்போதும் உள்நாட்டு விளையாட்டு எதுவும் அதில் நிலைக்கவில்லை. 2023 மே மாதத்தில் பட்டில்கிரவுண்ட்ஸ் திரும்பியது. அந்த ஆண்டு ஓகஸ்டில் கிரிக்கெட் வீரர் தோனியை முன்னிறுத்தி அறிவிக்கப்பட்ட ‘ஃப்ரீ ஃபயர் இந்தியா’ குறித்த நாளில் வெளிவரவேயில்லை. புனேயின் சூப்பர்கேமிங் 2022இல் அறிவித்த ‘இண்டஸ்’, ஒரு கோடிக்கு மேற்பட்ட முன்பதிவுகளோடு 2024 ஒக்டோபரில் வந்தது. இந்தியத் தொன்மத்தையும் எதிர்காலக் கற்பனையையும் கலந்த அதன் தோற்றம் மெய்யாகவே புதியது, ஃபௌஜியைவிட நேர்மையான முயற்சியும்கூட. ஆனால் ஆட்டக்காரரின் நால்வர் அணிகள் அதற்குள் வேறிடத்தில் குடியேறிப் பல பருவங்கள் கழிந்திருந்தன.

இலங்கையில் இந்த ஆரவாரத்தின் எரிபொருளே இல்லை. கல்வானின் துயரம் இங்குள்ள பதினாறு வயதினரின் துயரமன்று. பப்ஜியின் இடமும் காலியாகவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பத்து மணிநேரத்தையும் தாண்டிய மின்வெட்டே ஆட்டங்களை நிறுத்திய ஒரே ஆணை. எனினும் எல்லைக்கப்பால் நடந்த மாற்றத்தின் ஒரு விளைவு இங்கும் வந்து சேர்ந்தது. 2020 வரை சென்னையில் இருப்பவரும் கண்டியில் இருப்பவரும் ஒரே செயலியின் ஒரே ஆட்டத்தில் இறங்கி, தமிழிலேயே கூப்பிட்டுப் பேசி ஆடமுடிந்தது. பட்டில்கிரவுண்ட்ஸ் இந்தியாவுக்கு மட்டும் உரியதாகத் தனிச் சேவையகங்களோடு அமைக்கப்பட்டதால், உலக வடிவிலேயே தொடர்ந்த இலங்கைத் தமிழ் ஆட்டக்காரர், தமிழ்நாட்டுப் பிரபலர் ஒருவரின் நேரலையை யூடியூபில் பார்க்கலாம், கருத்துக் கூறலாம். ஆனால் அவர் இறங்கும் தீவில் அவரோடு இறங்க முடியாது.