அம்மாயியோட தூசு மெஷின்

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி வீடு கூட்டினேன். துடைப்பத்துல இல்ல, என் வயசை விட மூத்த ஒரு வேக்யூம் கிளீனர்ல. ஆரம்பத்துல ‘கொய்ங்’னு கேட்டது அதான்.

ஏற்காட்டுல, ஒண்டிக்கடைக்குப் பக்கத்துல எங்க அம்மாயி வீடு. அம்மாவோட அம்மாவை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். அவங்களுக்கு வீசிங். மலை வீடு வேற: பனி, ஈரம், கம்பளி, பஞ்சு மெத்தை. பகல்ல வீடு கூட்டினா ராத்திரி இளைப்பு வந்துடும்.

1982ல ஃபோர்ப்ஸ் கம்பெனியும் ஸ்வீடனோட எலக்ட்ரோலக்ஸும் சேர்ந்து யுரேகா ஃபோர்ப்ஸ் ஆரம்பிச்சாங்க. வேக்யூம் கிளீனர் வீடு வீடா விற்பனைக்கு வந்தது. நம்ம ஊர்ல கார்ப்பெட் ஏது? ரெட் ஆக்சைடு தரை, ஈரத்துணி போதும். அதனால சேல்ஸ்மேன் மெத்தையில வச்சுத்தான் உறிஞ்சிக் காட்டுவாராம். சேலத்துல ஒரு சொந்தக்காரங்க வீட்டுல தாத்தா அதைப் பார்த்திருக்கார். புதுசு வாங்கக் கட்டுப்படியாகல. ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி பண்ணப்போ, அங்க கிடந்த பழைய வெளிநாட்டு மெஷினை வாங்கிட்டு வந்துட்டார்.

இந்த மாதிரி செஞ்சு காட்டுறது 1901லயே ஆரம்பிச்சது. லண்டன்ல ஹ்யூபர்ட் செசில் பூத்னு ஒரு இன்ஜினியர். ரெஸ்டாரண்ட் சீட் மேல கைக்குட்டையை வச்சு, வாயாலயே உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையில தூசு அப்பியிருந்தது, கூடவே இருமலும் வந்தது. அவர் செஞ்ச மெஷினைக் குதிரை வண்டியில கொண்டுவந்து தெருவுல நிறுத்தி, ஜன்னல் வழியா ஹோஸ் விடுவாங்க.

அதை வீட்டுக்குள்ள கொண்டுவந்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர். அமெரிக்காவுல, ஓஹையோவுல ஒரு கடையில துப்புரவு வேலை. அவருக்கும் ஆஸ்துமா! ஃபேன் மோட்டார், துடைப்பக் கட்டை, தூசு பிடிக்க ஒரு தலகாணி உறை. 1908ல பேட்டன்ட் கிடைச்சது. உரிமையை வாங்கினவர் பேர் ஹூவர். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

அந்தத் தலகாணி உறையைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி பீரோ மேல இருந்து எங்க மெஷினை இறக்கினேன். வயர் வெடிச்சுப் போயிருந்தது, மோட்டார்ல கார்பன் பிரஷ் தேஞ்சிருந்தது. ரெண்டையும் மாத்தாம தயவுசெஞ்சு யாரும் பழைய மெஷினுக்குக் கரண்ட் கொடுக்காதீங்க. மாத்தினதும் ஜம்முனு ஓடுச்சு. ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்தப்போ, கையில டார்ச் எரிஞ்சுட்டே இருந்தது. மெஷினோட பின்பக்கம், காத்து வெளியேறுற இடத்துல வெளிச்சம் பட்டது. அப்படியே பொடிப்பொடியா மின்னுது.

துணிப்பை பெரிய குப்பையை மட்டும்தான் பிடிக்கும். இளைப்பைக் கிளப்புற நுண்தூசு துணி இழை வழியா வெளிய வந்து, அறை முழுக்கப் பரவும். துடைப்பத்துல கிளம்பினது கொஞ்ச நேரத்துல தரையில உட்காரும். மோட்டார் ஊதினா லேசுல அடங்காது. 0.3 மைக்ரான் தூசுல 99.97 சதவீதத்தைப் பிடிக்கிற ஹெபா ஃபில்டருக்கான வேலை 1940கள்ல, அணுகுண்டுத் திட்டத்துல கதிரியக்கத் தூசைத் தடுக்கத்தான் தொடங்குச்சு. வீட்டு மெஷினுக்கு அது வந்து சேர ரொம்ப காலம் ஆச்சு.

அம்மாயி இந்த மெஷினை ஒரு மாசம்கூட ஓட்டல. “இதைப் போட்டாலும் இளைக்குதுடி”ன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்காங்க. கரண்ட் பில்லுக்குப் பயந்து சாக்கு சொல்றாங்கன்னு வீடே சிரிச்சிருக்கு. நானும் சின்ன வயசுல அந்தக் கிண்டலைப் பண்ணியிருக்கேன். அவங்க பாட்டுக்குத் தரையில தண்ணி தெளிச்சுட்டுக் கூட்ட ஆரம்பிச்சுட்டாங்க. நனைஞ்ச தூசு பறக்காது, அவ்வளவுதான் விஷயம்.

அம்மாயி இப்போ இல்ல. டார்ச் வெளிச்சத்துல எடுத்த வீடியோவை அம்மாகிட்ட காட்டினேன். ரெண்டு தடவை பார்த்தாங்க. “ஜன்னலைத் திறந்து வச்சுட்டுப் போடு”ன்னு மட்டும் சொன்னாங்க.

திறந்துதான் வச்சிருக்கேன். மாஸ்க்கும் உண்டு. மெத்தை மட்டும் மொட்டை மாடி வெயில்ல.