சின்ன மரமா, பெரிய மரமா

சோழமண்டலக் கரையில் துறைமுகம் இல்லாத மீனவ ஊர்களே அதிகம். அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் தினமும் போகணும், தாண்டித்தான் திரும்பணும். கட்டுமரத்தின் அளவை அந்தக் காலத்தில் முடிவு செய்தது கரைதான் என்பது என் எண்ணம். எங்கள் பெரியப்பா இதை ஒரே மூச்சில் சொல்வார்: "ஓட்டுறதுக்கு ஆளிருந்தாப் போதுமாடா, தூக்குறதுக்கு யாரு?"

அப்பா வைத்திருந்தது சின்ன மரம். இரண்டு பேர் போதும். கரை ஏறியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றையும் கம்பில் தொங்கவிட்டுத் தோள் கொடுத்து மேட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பிரிக்காவிட்டால் மரம் காயாது. ஊறின மரம் கனக்கும், மிதப்பு குறையும். பெரிய மீன்பாடு கிடைக்காது. ஆனால் பங்கு கேட்க வருகிறவர்களும் குறைவு.

பெரியப்பாவுடையது கோலா மரம். நீளம் அதிகம், கூடுதல் மரங்கள் சேர்த்துக் கட்டியது, பாய் உண்டு. கோலா மீன் முட்டையிட வரும் வைகாசி, ஆனியில் கரை கண்ணுக்கு மறையும் தூரம் போவார்கள். கொழுஞ்சிச் செடியைக் கட்டாகக் கட்டிக் கயிற்றோடு தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். முட்டையை ஒட்டவைக்க இடம் தேடிவரும் மீன் அதைச் சுற்றி மொய்க்கும், அள்ளிப்போட வேண்டியதுதான். சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பெரிய மரம் மற்ற மாதங்களில் வீட்டுக்கு என்ன பாரம் என்பதைப் பெரியம்மாவிடம் கேட்டிருந்தால் இன்னும் விரிவாகச் சொல்லியிருப்பார். அண்ணன் தம்பி ஒத்துப்போகிற வீட்டுக்குத்தான் அது கட்டுப்படியாகும். மச்சான்மார் தனியே தொழிலுக்குப் போன வருஷம், பெரியப்பா இரண்டு மரங்களைக் கழற்றிவிட்டுச் சின்னதாகக் கட்டிக்கொண்டார்.

1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டமும் அலை தாண்டும் படகுகளைக் கட்டிப் பார்த்தது. எஞ்சின் ஏறினால் கனமும் ஏறும். மறுபடி பெரியப்பாவின் கேள்விதான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் போட்டுகள் வந்து குவிந்தன. பல ஊர்களில் முன்பிருந்ததைவிடப் படகு கூடிப்போயிற்று. நேற்றுவரை பங்குக்கு வந்தவரெல்லாம் படகுக்காரர் ஆனதும் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. கொடுக்க வந்தவர்கள் நீளத்தை அடிக்கணக்கில் எழுதிக்கொண்டார்கள். வீட்டில் கடலுக்குப் போகிற ஆண்கள் எத்தனை பேர் என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை.

சில வருஷம் கழித்துத் தம்பி சொந்தக் காசில் வாங்கப் போனபோது முன்னால் இருந்தவை இரண்டு: இருபதடிப் படகு, இருபத்தெட்டடிப் படகு. நான் சின்னதைச் சொன்னேன். "டிராக்டர் இருக்குண்ணே, இழுத்து மேல போட்டுரும்" என்று பெரியதை எடுத்தான். அவன் சொன்னது நியாயம். தோள் கணக்கை டிராக்டர் அடித்துவிட்டது. ஐஸ் பெட்டிக்கும் கூடுதல் வலைக்கும் இடம் கிடைத்தது. ஆனால் லம்பார்டினி எஞ்சினுக்கு டீசல், டிராக்டருக்குக் கூலி எல்லாம் கழித்த பிறகுதான் பங்கு. அப்பாவுக்கு இந்தச் செலவுகள் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. ஃபைபர் போட்டுக்கு இல்லை. சந்தையில் மீன் குறைந்து விலை ஏறுகிற அந்த இரண்டு மாத வருமானத்தில்தான் தம்பி படகுக் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறான்.