பிரிக்கும் நோய்

1889, மே மாதம். ஹவாய் தீவுக்கூட்டத்தில் மொலொகாய் என்கிற தீவு. நிழலிலேயே 90 டிகிரி ஃபாரன்ஹீட்! அந்த வெயிலில் ஏழு பெண்களோடு சேர்ந்து, மரச்சுத்தியலால் பந்தைத் தட்டி 'குரோக்கே' ஆடிக்கொண்டிருக்கிறார் ஒல்லியான ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அவருக்கே நுரையீரல் கோளாறு. 'டிரெஷர் ஐலண்ட்' நாவலை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன்தான் அவர். கூட விளையாடிய ஏழு பேருக்கும் தொழுநோய்.

ஹொனலூலு திரும்பியதும் ஸ்டீவன்சன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அந்தப் பெண்களுக்கு ஒரு பியானோ வாங்கி அனுப்பியது. விரல்கள் மடங்கிப்போகிற நோய்... இவர்களுக்கு எதற்கு பியானோ என்று கேட்கத் தோன்றுகிறதா? அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கக் காதில் வாங்காத ஒரு பெண்மணி அந்தத் தீவில் இருந்தார். பெயர், மதர் மரியான் கோப்.

கொஞ்சம் பின்னால் போவோம். வெளியூர்க் கப்பல்களோடு வந்திறங்கிய புதுப்புது நோய்கள் ஹவாய் மக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுகொண்டிருந்த காலம். தொழுநோயும் பரவியது. மருந்து கிடையாது. அரசர் ஐந்தாம் கமேஹமேஹா 1865-ல் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நோய் இருப்பவர்களைப் பிடித்து ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டியது! அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் மொலொகாயின் வடகரையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன நிலத்துண்டு. மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் செங்குத்துப் பாறை. 1866 ஜனவரியில் முதல் 12 பேர் அங்கே இறக்கப்பட்டார்கள். அம்மாவைப் பிரித்துப் பிள்ளை, மனைவியைப் பிரித்துக் கணவன். ஹவாய் மக்கள் இந்த நோய்க்கு வைத்த பெயரே 'பிரிக்கும் நோய்'. உடம்பு அழுகுவதைவிட, பிரிவுதான் அவர்களுக்குப் பெரிய நோயாகத் தெரிந்திருக்கிறது.

1873-ல் அங்கே போய்ச் சேர்ந்தார் பெல்ஜியத்துப் பாதிரியார் டேமியன். வயது 33. அவர் கதை பலருக்குத் தெரியும். வீடு கட்டினார், சவப்பெட்டி செய்தார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார். அதிகம் பேசப்படாதது, அவர் சேர்த்த பாட்டுக் குழுவும் பேண்டு வாத்தியமும். ஒரே ஆர்கனில் இரண்டு நோயாளிகள் உட்காருவார்களாம். இருவரிடமும் மிச்சமிருந்த விரல்களைச் சேர்த்தால்தான் பத்து! 1884 டிசம்பரில் ஒருநாள் கொதிக்கும் நீரில் கால் வைத்தார் டேமியன். சுடவே இல்லை. அவருக்கும் வந்துவிட்டது.

அதற்கு ஒரு வருடம் முன்புதான் மரியான் வந்திருந்தார். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். குடும்பத்துக்காகத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, பிறகு கன்னியாஸ்திரீ ஆனவர். சிரக்யூஸ் நகரில் ஒரு மருத்துவமனையை நடத்திக் காட்டிய கெட்டிக்காரி. 'நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள யாராவது வாருங்கள்' என்று அரசர் காலாகாவா சார்பில் போன கடிதத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட சபைகள் தட்டிக் கழித்திருந்தன. மரியான் உடனே சரி என்றார். 1883 நவம்பர் 8-ம் தேதி ஆறு சகோதரிகளோடு ஹொனலூலுவில் இறங்கினார். சர்ச் மணிகள் முழங்க வரவேற்பு! சகோதரிகளைக் குடியமர்த்திவிட்டு ஊர் திரும்புவதுதான் திட்டம். திரும்பவே இல்லை.

முதலில் ஹொனலூலுவில் ககாகோ ஆஸ்பத்திரி. நூறு பேருக்கான இடத்தில் இருநூறுக்கும் மேல். நோயாளிகளைக் கொடுமைப்படுத்திய நிர்வாகி ஒருவரை, 'அவர் போகணும், இல்லாவிட்டால் நாங்கள் போகிறோம்' என்ற ரீதியில் மிரட்டியே வெளியேற்றினார் மரியான். 1886-ல் நோயோடு டேமியன் ஹொனலூலு வந்தபோது, சர்ச்காரர்களும் அரசாங்கமும் தயங்க, இடம் கொடுத்தது இவர்தான்.

1888 நவம்பரில் இரண்டு சகோதரிகளோடு மொலொகாய்க்கே போனார். 'பிஷப் ஹோம்' என்று பெண்களுக்கான இல்லம். (பிஷப் என்றதும் ஆயர் என்று நினைக்க வேண்டாம். பணம் கொடுத்த பேங்கரின் பெயர் அது!) மரமே இல்லாத, காற்று அறையும் பொட்டல் வெளி. மரியான் கன்றுகளை வரவழைத்து நட்டார். பழமரம், காய்கறி, பூச்செடி. பெண்களுக்குப் பளிச்சென்ற நிறங்களில் கவுன் தைத்தார், ஸ்கார்ஃப் கொடுத்தார். சாகப்போகிறவர்களுக்கு ரிப்பன் எதற்கு என்று கேட்டால் பதில் சுலபம்: அந்தப் பெண்ணுக்கு வயது பதினைந்து. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ரிப்பன் வேண்டும், அவ்வளவுதான். அந்த வீட்டின் சுத்தத்தைப் பார்த்து அசந்துபோய் நண்பருக்குக் கடிதமே எழுதினார் ஸ்டீவன்சன்.

எனக்கு இங்கே ஒரு நெருடல் உண்டு. சகோதரிகள் எவ்வளவு அன்பாக இருந்தாலும், ஒரு கொடுமையான சட்டத்தின் வேலிக்குள்தான் அந்தத் தோட்டம் இருந்தது. தீவில் பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். நோயாளிகளின் ஆரோக்கியமான பெண் குழந்தைகளுக்காக 1885-ல் மரியான் நடத்த ஆரம்பித்த இல்லமும் அந்தப் பிரிவினால் வந்ததே. அதை மறந்துவிட்டு வெறும் புனிதக் கதையாகச் சொல்வது நியாயம் இல்லை.

'எனக்கும் நோய் வந்துவிட்டால்?' என்று ஒரு சகோதரி பயந்து கேட்டபோது, வரவே வராது என்று அடித்துச் சொன்னார் மரியான். அப்படியே நடந்தது. சகோதரிகளில் ஒருவருக்கும் வரவில்லை. கைகழுவுவதில் அவர் காட்டிய கெடுபிடி ஒரு காரணம். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் இந்த நோய் இயல்பாகவே தொற்றாது என்பது இன்று நமக்குத் தெரியும். அப்படியென்றால் அத்தனை பேரைப் பிரித்தது..?

1918 ஆகஸ்ட் 9 அன்று எண்பதாவது வயதில் அங்கேயே இறந்தார் மரியான். 2012-ல் போப் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். டேமியனுக்கு அதற்கு மூன்று வருடம் முன்பு.

நோய்க்கு நிஜமான மருந்து தீவுக்கு வந்தது 1946-ல். அதற்குப் பிறகும் 23 வருடம் சட்டம் நீடித்தது! 1969-ல் ஒருவழியாக அதை நீக்கினார்கள். மொத்தத்தில் சுமார் 8,000 பேரை விழுங்கிய இடம். இனி யார் வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

பலர் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், தோட்டம், கோயில், கல்லறைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன.