ஹட்டன் நிலையத்துச் சூட்டுப் பாண்

தமிழ்நாட்டு நண்பர்களோடு பேசும்போது ‘பாண்’ என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் ஒரு கணம் பேச்சு நின்றுவிடும். சங்ககாலப் பாணரை நினைத்துக்கொண்டவர்களும் உண்டு. ‘ரொட்டிதான்’ என்று விளக்கினால் அவர்களுக்கு விளங்கிவிடுகிறது. எனக்குத்தான் மனம் ஒப்புவதில்லை. எங்கள் மலையகத்தில் ரொட்டி என்பது வேறு. கோதுமை மாவை உப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கனமாகத் தட்டி, லயத்து அடுப்பில் சுட்டெடுத்து, கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் சம்பலோடு சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போவது அது. பாண் லயத்தில் வேகுவதில்லை. அது டவுனில், போறணையில், வேறொருவர் கையால் வெந்து, காசுக்கு விற்கப்படுவது. இந்தச் சிறு வேறுபாட்டுக்குள் எங்கள் மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றில் ஒரு பங்கு அடங்கியிருப்பதாக எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம்.

நான் பிறந்தது அக்கரப்பத்தனைப் பகுதித் தோட்டமொன்றில். ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை என்று ஏறி, டயகமவுக்குப் போகும் வழியில் உள்ள சிற்றூர் அது. 1977ஆம் ஆண்டு, எனக்கு ஏழு வயது. கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்த சித்தப்பா இரவுத் தபால் கோச்சியில் வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். (புகையிரதத்தை எங்கள் மக்கள் கோச்சி என்றே சொல்வார்கள்.) அவரை அழைத்துவர அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனார். நிலையத்து வாங்கில் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தோம். கோச்சி வந்து, சிவனொளிபாதமலைக்குப் போகும் யாத்திரிகர் கூட்டம் வெள்ளைத் துணியும் மூட்டையுமாக இறங்கிற்று. அவர்களுக்கென்றே பஸ் நிலையத்தின் அருகே ஒரு பேக்கரி இரவு முழுதும் விழித்திருந்தது. வாசலில் பனி, உள்ளே போறணையின் செந்தணல். நீண்ட மரத்துடுப்பை உள்ளே விட்டு ஒருவர் பாண்களை இழுத்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குள் கையை நுழைத்து அப்பா ஓர் இறாத்தல் பாணைப் பிடித்துக்கொண்டு வந்தார். பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தும் கையில் வைத்திருக்க முடியவில்லை. மூவரும் நின்றபடியே பிய்த்துப் பிய்த்து வெறுந்தேநீரோடு தின்றோம்.

சூடும் மணமும் நினைவில் இருப்பது வியப்பன்று. அதைவிட ஆழமாகப் பதிந்தது வேறொன்று. அப்பா சட்டைப் பையிலிருந்து காசெடுத்து, எண்ணி, கடைக்காரரிடம் நீட்டினார். அவர் அப்படிக் காசெண்ணிக் கொடுத்து உணவு வாங்கியதை அன்றுதான் நான் முதன்முதலில் கண்டேன். தோட்டத்தில் அரிசியும் மாவும் சம்பளத்தில் பிடிக்கப்படும். லிந்துலைக் கடையில் பருப்பும் சீனியும் கொப்பியில் எழுதப்படும். சம்பள நாளில் கிளாக்கரையா வாசிக்கும் கழிவுகளுக்குப் பிறகு கைக்கு வருவதைக் கொப்பிக் கடை வாங்கிக்கொள்ளும். பாண் மட்டும் எந்தக் கொப்பியிலும் ஏறாதது.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. 1505இல் இலங்கைக் கரைக்கு வந்த போர்த்துக்கேயர் தந்தது பாண். போறணையும் அவர்களுடைய சொல்லே. சிங்களமும் தமிழும் இரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டன. பழைய நாளில் மாவைப் புளிக்கவைக்கக் கள் பயன்பட்டது. ஆகவே கரையோரத்துக்குப் பாண் பழைய விருந்தாளி. மலைக்கு அது வந்தது வெள்ளைக்காரத் துரைமாரோடு.

கோப்பி நோயில் அழிந்து தேயிலை மலையெங்கும் பரவிய காலத்தில் இருப்புப்பாதையும் ஏறிவந்தது. 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் ஹட்டன், மறு ஆண்டு நானுஓயா. துரைமாரின் பங்களாக்களுக்கு வேண்டிய கடிதங்களும் இறைச்சியும் பாணும் நிலையத்துக்கு வந்திறங்கின. அவற்றைத் தோட்டத்துக்குத் தூக்கிச் செல்லத் தனியாக ஆள் உண்டு: தப்பால்காரன், இறைச்சிப் பெட்டிக்காரன் என்று அவர்களுக்குப் பெயர். விடியுமுன் இறங்கி, நிலையத்தில் பெட்டியை நிரப்பிக்கொண்டு, மழையோ அட்டையோ பாராமல் மறுபடி மலையேற வேண்டும். என் அப்பாயியின் தகப்பனார் அந்த வேலை பார்த்தவர். பெட்டிக்குப் பூட்டு உண்டு என்றும், சாவி ஒன்று கடைக்காரரிடமும் மற்றது பங்களா அப்புவிடமும் இருக்கும் என்றும் அப்பாயி சொல்வார். “எங்கப்பாவுக்கு பாணோட மணம் தெரியும், ருசி தெரியாது” என்பார்.

அந்தக் காலத்துத் தொழிலாளியின் உணவு சோறு. அந்தச் சோறும் அவன் சந்தையில் வாங்கியதன்று. தோட்டமே இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசியைப் படியளந்து கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம்கூட, தோட்டம் அரிசி கொடுக்கும் விலையைச் சேர்த்தே கூலியை நிர்ணயித்தது. செக்ரோலில் பெயர் இருந்தால் அரிசி. பெயர் வெட்டப்பட்டால் அடுப்பில் பூனை. வயிற்றையும் வேலையையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்த ஏற்பாடு என்று இதைச் சொல்வேன்.

அக்கயிறு தளர்ந்தது யாருடைய கருணையாலும் அன்று. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. தன் அரிசியில் பெரும்பகுதியைக் கடல்கடந்து வரவழைத்துக்கொண்டிருந்த இலங்கைக்குப் பர்மா அரிசி நின்றுபோயிற்று. பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது. அரிசிக் குறையை நிரப்பக் கப்பல்களில் கோதுமை மா வந்தது. மாவை என்ன செய்வதென்று முதலில் யாருக்கும் தெரியவில்லையாம். கூழ் காய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள். பசையாகிவிட்டதென்று சிரித்துக்கொண்டே அப்பாயி சொன்னதுண்டு. பிறகுதான் ரொட்டி லயத்தின் உணவாயிற்று. டவுன்களில் போறணைகள் பெருகின. யுத்தம் முடிந்தும் மா போகவில்லை. எங்கள் மக்களின் தேசிய உணவு போல இன்று வர்ணிக்கப்படும் மா ரொட்டியின் வயது எண்பது சொச்சம்தான். உலக யுத்தம் ஒன்று அடுப்பில் வைத்துவிட்டுப் போனது அது. நிலையத்துப் பாண் பயண நாளின் உணவாக, பிள்ளைகளுக்கு வாங்கிப்போகும் பண்டமாக இடம்பிடித்தது. டவுனுக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினால் லயத்துப் பிள்ளைகள் முகம் வாடும். ஓர் இறாத்தல் பாணும் நாலு பணிஸும் இருந்தால் திருவிழா.

இனிச் சொல்ல வேண்டியது 1973, 74. அப்போது எனக்கு மூன்று, நான்கு வயது. நான் அறிந்ததெல்லாம் பின்னாளில் பலரிடம் கேட்டும் பழைய பத்திரிகைகளைப் புரட்டியும் அறிந்ததே. 1972இல் சோவியத் நாட்டில் விளைச்சல் பொய்த்து உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறியது. மறு ஆண்டு எண்ணெய் விலை எகிறியது. இலங்கையிடம் அந்நியச் செலாவணி இல்லை. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இலவச அரிசியைக் குறைத்தது. மாவுக்கும் பங்கீடு வந்தது. பாண் விலை கூடியது. உணவகங்களில் வாரத்தில் சில நாள் சோறு பரிமாறத் தடை. ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோகத் தடை. சாலைகளில் பொலிஸார் பைகளைத் திறந்து பார்த்தார்கள். தன்னிறைவு என்ற கொள்கையில் தவறொன்றும் இல்லை. கிராமத்தவருக்கு ஒரு துண்டு நிலமாவது இருந்தது, மரவள்ளி ஊன்றினார்கள். லயத்து வாசலுக்கு அப்பால் கால் வைத்தால் தேயிலை. எங்கே ஊன்றுவது? நிலச் சீர்திருத்தமும் அந்த ஆண்டுகளில்தான் நடந்தது: 1972இல் தனியார் தோட்டங்கள், 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. பல தோட்டங்களில் வேலை நாட்கள் குறைந்தன. 1948இலேயே குடியுரிமை பறிக்கப்பட்டதால் பெரும்பாலோருக்கு வாக்கும் இல்லை; வாக்கில்லாதவன் பசி பாராளுமன்றத்தை எட்டுவது கடினம்.

1974இல் தோட்டங்களில் சாவு கூடியது. கூட்டம் கூட்டமாக டவுன்களுக்கு இறங்கிப் பிச்சையெடுத்தார்கள். பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சி எழுபதுகளில் தோட்டங்களைப் படம் பிடித்துக் காட்டியபோது, தாங்கள் குடிக்கும் தேநீரின் மறுபக்கத்தைக் கண்டு அந்நாட்டவர் சிலராவது அதிர்ந்தார்கள். ஹட்டனில் பாணுக்காக நள்ளிரவிலேயே வரிசை நின்றதாக அம்மா சொல்வார். விடிந்து கதவு திறந்ததும் முன்னால் நிற்கும் சிலருக்குக் கிடைக்கும். மற்றவர்கள் மணத்தை மோந்துவிட்டுத் திரும்புவார்கள். இறைச்சிப் பெட்டிக்காரனின் பேத்தியும் கொள்ளுப்பேரனும் அதே நிலைக்கு வந்துவிட்டார்கள். அந்த வரிசையில் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அக்காவுக்குப் பிறகு பிறந்த அண்ணன் ஒருவன் இருந்தான். 1974 இறுதியில் அவன் இல்லை. வயிற்றோட்டம் என்று தோட்ட டிஸ்பென்சரியில் எழுதினார்கள். பசி என்ற நோய்க்கு அந்தப் பதிவேட்டில் இடம் இல்லை.

அதன்பின் பலர் இந்தியாவுக்குப் போவதென்று முடிவு செய்ததில் வியப்பென்ன? 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து வைத்திருந்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்றும் வேகத்தைப் பஞ்சம் கூட்டியது. ஹட்டன், தலவாக்கலை நிலையங்களில் அவர்களை ஏற்றிச்சென்ற வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. பொல்காவலை, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். பிறகு மண்டபம் முகாம்.

1979இல் அப்பாயியும் பெரியப்பா குடும்பமும் புறப்பட்டார்கள். எங்கள் குடும்பம் ‘சிலோன்’ பக்கம் விழுந்திருந்தது. மேடையில் மனிதர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கதற, அப்பா மட்டும் காணாமல் போய்விட்டார். கோச்சி அசையும் நேரத்தில் நான்கு இறாத்தல் பாணை மார்போடு அணைத்துக்கொண்டு பேக்கரிப் பக்கமிருந்து ஓடிவந்தார். ஜன்னல் வழியாக மூன்று உள்ளே போயின. நான்காவது கீழே விழுந்துவிட்டது. எல்லோரும் போனபின் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு நாங்கள் வீடு வந்தோம். அன்று யாரும் அதைத் தின்னவில்லை.

பிந்திய கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. சிங்கப்பூரின் பிறிமா நிறுவனத்தோடு ஒப்பந்தமாகி, 1980இல் திருகோணமலையில் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியது. பாண் வரிசைகள் மறைந்தன. 1994 தேர்தலில் மூன்றரை ரூபாய்ப் பாண் ஒரு வாக்குறுதியாகவே வலம் வந்தது. ஒரு நாட்டின் அரசியலைப் பாணின் விலையில் அளக்கலாம் என்று அப்போது என் பத்திரிகையில் எழுதி ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. நாடு கிலோவுக்கு மாறி எத்தனையோ காலமாகியும் மக்கள் வாயில் பாண் இன்னும் இறாத்தல்தான். 450 கிராம் இருக்க வேண்டுமென்று 2024இல் வர்த்தமானியில் போட்டு, எடை குறைப்போரைப் பிடிக்கக் கடைகடையாகப் போனார்கள்.

2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது, உக்ரேன் யுத்தமும் சேர, மா விலை மீண்டும் மலையேறியது. அதற்கு முந்திய ஆண்டுதான் நெடும் போராட்டத்துக்குப் பிறகு தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1000 ரூபாயாகியிருந்தது. அந்த ஆயிரத்தை மா தின்றுவிட்டது. உணவு நெருக்கடி பற்றி ஐ.நா. அமைப்புகள் அவ்வாண்டு நடத்திய ஆய்வில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களாகக் காணப்பட்டவர்கள் தோட்ட மக்களே. பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குப் போதிய உணவு இல்லை. செய்தியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது ஐம்பது ஆண்டுக்கு முந்திய வரிசை கண்ணில் நின்றது. அப்பாயியையும் நினைத்துக்கொண்டேன்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது 1996இல், கோத்தகிரிப் பக்கம். அங்கேயும் தேயிலை, தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் உருவாக்கிய தோட்டங்களில் பெரியப்பா பிள்ளைகளுக்கு வேலை. போன புதிதில் எழுதுவித்த கடிதத்திலேயே அப்பாயி குறைப்பட்டிருந்தார்: இங்கே பாண் இல்லை, பன் என்று ஒன்று விற்கிறார்கள், இனிக்கிறது. ஆகவே புறப்படும் முன் ஹட்டனில் ஓர் இறாத்தல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். கொழும்பு, திருச்சி, கோயம்புத்தூர் என்று அது என்னோடு வந்து சேர்ந்தபோது விறகுபோல் காய்ந்திருந்தது. எண்பத்திரண்டு வயது, கண் மங்கிவிட்டது. வெறுந்தேநீரில் தோய்த்துத் தோய்த்து மெதுவாகத் தின்றார். முதலில் அப்பாவைக் கேட்டார், பிறகு ஆற்றுப் பக்கத்து மாரியம்மன் கோயிலைக் கேட்டார். அதற்கப்புறம் பாண் இப்போது என்ன விலை என்றார். சொன்னேன். சிறிது நேரம் கணக்குப் போடுவதுபோல் இருந்துவிட்டு, “காசு குடுத்தா வாங்குன? கொப்பியிலயா?” என்று கேட்டார்.

“காசுதான் அப்பாயி” என்றேன். மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டார்.