காட்டு வான்கோழியும் வசந்தகால வேட்டையும்

எங்க தோட்டத்துல வான்கோழி வளர்க்கிறது தெரிஞ்ச நண்பர் ஒருத்தர் சென்னையிலிருந்து போன்ல கூப்பிட்டார். அவர் மகன் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்யறவர் ஏப்ரல் மாசம் லீவு போட்டுட்டு, குறுக்குவில்லை எடுத்துக்கிட்டு வான்கோழி வேட்டைக்குப் போறாராம். "இணை சேர்ற காலத்துலயா போய் அடிப்பாங்க? அந்த ஊர்ல சட்டம் கிட்டம் எதுவும் இல்லையா?" என்று கேட்டார்.

சட்டம் இருக்கு. அந்தச் சட்டம்தான் அவரை வசந்தத்தில் போகச் சொல்லுது. ஏன்னு புரியணும்னா அந்தப் பறவையோட நூறு வருஷக் கதையைப் பார்க்கணும்.

மயிலைப் பார்த்து ஆடப் போன வான்கோழியை மூதுரை புண்ணியத்தில் நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ஆனா இன்னிக்கு நாம வான்கோழின்னு சொல்ற பறவைக்குச் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். ஐரோப்பியர் போறதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே மெக்சிகோ மக்கள் அதை வீட்டுப் பறவையா வளர்த்தாங்க. 16-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்தில் ஸ்பானியர் கப்பலேத்தி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனாங்க. எங்கிருந்து வந்ததுன்னு யாருக்கும் தெளிவில்லை. இங்கிலாந்துக்காரன் துருக்கிப் பறவைன்னான், துருக்கிக்காரன் இந்தியப் பறவைன்னான், பிரெஞ்சுக்காரனும் அதையே சொன்னான், போர்ச்சுகீசியர் பெரு நாட்டுப் பேரை வச்சாங்க. அதுக்கு அதன் சொந்த ஊர்ப் பேரை யாருமே வைக்கலை! 1612-ல் கோவாவிலிருந்து ஜஹாங்கீர் தர்பாருக்கு ஒரு வான்கோழி போச்சு. பாதுஷா அதிசயப்பட்டுத் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். அவருடைய ஓவியர் மன்சூர் வரைஞ்ச வான்கோழிப் படம் இன்னிக்கும் இருக்கு.

ஊர் ஊரா வீட்டுப் பறவை பரவிக்கிட்டிருந்த அதே காலத்தில், சொந்த ஊரில் காட்டுப் பறவை அழிஞ்சுக்கிட்டு வந்தது. குடியேறினவங்க விவசாயத்துக்குக் காட்டை வெட்டினாங்க. (விவசாயி நான் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.) ஓஹையோவில் முன்னாடி நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பங்கு நிலம் காடு. இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பங்குதான் மிச்சம். மிச்சமிருந்த பறவையைச் சந்தைக்காகச் சுட்டாங்க. வருஷம் பூரா, சேவல் பெட்டை பார்க்காம, ராத்திரி மரத்தில் அடைஞ்சிருக்கிறதைக்கூட விடாம. மாசசூசெட்ஸில் கடைசிப் பறவை போனது 1851-ல். ஓஹையோவில் 1904-க்குள் ஒண்ணுகூட இல்லை. அதே 1904-ல்தான் நியூயார்க்கில் அமெரிக்கச் செஸ்நட் மரங்களுக்கு வந்த பூஞ்சண நோயைக் கண்டுபிடிச்சாங்க. அது கிழக்குக் காடுகளில் இருந்த அந்த மரத்தையே கிட்டத்தட்ட துடைச்சுடுச்சு. வான்கோழி பொறுக்கித் தின்ன முக்கியமான கொட்டையும் அதோட போச்சு.

1900-ல் லேசி சட்டம் வந்தது. சட்டவிரோதமா சுட்ட பறவையை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோய் விற்க முடியாது. சந்தை வேட்டைக்கு அது பெரிய அடி. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் நிறைய விவசாயிகள் நிலத்தைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. போட்ட நிலத்தில் புதர் வந்தது, பிறகு மரம் வந்தது. காடு தயார். பறவை எங்கே?

இந்த இடத்தில் அவங்க செஞ்ச காரியம் எனக்கு ரொம்பப் பரிச்சயமா தெரியுது. பண்ணையில் முட்டையைப் பொரிக்க வச்சு, குஞ்சை வளர்த்து, கொண்டுபோய்க் காட்டில் விட்டாங்க. பென்சில்வேனியா இதுக்குன்னே அரசாங்கப் பண்ணை வச்சுப் பல பத்தாண்டு நடத்தினது. ஓஹையோவும் 1950-களில் செஞ்சு பார்த்தது. தேறலை. எங்க வான்கோழிக் குஞ்சுகளைப் பார்க்கிறவன் எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தாய் இல்லாம வளர்ந்த குஞ்சுக்குத் தட்டில் இருக்கிற தீவனத்தைக்கூடத் தட்டித் தட்டிக் காட்டணும். பருந்து நிழல் விழுந்தா ஓடணும்னு அதுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறது?

பிறகுதான் புரிஞ்சது: காட்டுப் பறவையைத்தான் பிடிச்சு இடம் மாத்தணும். ஆனா காட்டு வான்கோழியைப் பிடிக்கிறது லேசில்லை. வாத்தைப் பிடிக்க உண்டாக்கின பீரங்கி வலையை 1951-ல் தென் கரோலினாவில் ஹோல்புரூக் என்ற வன உயிரியலாளர் வான்கோழிக்குப் பயன்படுத்தினார். தானியத்தைத் தூவி, வலையை மடிச்சு மறைச்சு வச்சு, கூட்டம் குனிஞ்சு தின்னும்போது வெடிமருந்தால் வலையை அது மேலே பாய விடணும். அதுக்கப்புறம் மாநிலங்களுக்குள்ள பண்டமாற்றே நடந்தது. மிசௌரியின் வான்கோழி கென்டக்கிக்குப் போச்சு, பதிலுக்கு மிசௌரிக்கு நீர்நாய் வந்தது. வெர்மான்ட்டில் விட்டது 31 பறவை, மாசசூசெட்ஸில் 37. இன்னிக்கு மாசசூசெட்ஸில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். பாஸ்டன் பக்கத்துத் தெருக்களில் காரை மறிச்சு நிக்குதுங்க. ஓஹையோ 1956 முதல் வெளி மாநிலக் காட்டுப் பறவைகளை விட ஆரம்பிச்சு, 1966-ல் ஒன்பது மாவட்டங்களில் மட்டும் வசந்த வேட்டையைத் திறந்தது. அந்த வருஷம் விழுந்தது மொத்தம் 12 சேவல். 2000-த்தில் 88 மாவட்டமும் திறந்தாச்சு.

இப்போ நண்பரோட கேள்விக்கு வரேன். ஏன் வசந்தம்?

வான்கோழிப் பெட்டை ஒரு தடவை இணை சேர்ந்தா, விந்தை உடம்புக்குள்ளேயே பல வாரம் சேமிச்சு வச்சுக்கும். எங்க பட்டியில் சேவலைப் பிரிச்சு மூணு நாலு வாரம் கழிச்சு வைக்கிற முட்டையும் பொரியுது. காட்டில் ஒரு பெட்டை நாளுக்கு ஒண்ணா பத்துப் பன்னிரண்டு முட்டை வச்சு 28 நாள் அடைகாக்கும். சேவல் அடைகாக்கிறதும் இல்லை, குஞ்சைப் பார்க்கிறதும் இல்லை. ஆக, பெரும்பாலான பெட்டைகள் இணை சேர்ந்து அடையில் உட்கார்ற நேரமாப் பார்த்துச் சேவலை மட்டும் எடுத்தா, அந்த வருஷக் குஞ்சுக் கணக்கு குறையாது. இந்த எண்ணத்தில்தான் வசந்த விதிகள் எல்லாம் எழுதப்பட்டன. நெஞ்சில் தாடி தொங்கும் பறவையை மட்டும் அடிக்கலாம். ஓஹையோவில் முதல் சில நாள் நண்பகலோட வேட்டையை முடிச்சுக்கணும், அடையில் இருக்கிற பெட்டையைக் கலைக்கக் கூடாதில்லையா. அடிச்சதை அன்னிக்கு ராத்திரிக்குள்ள கணக்குக் கொடுத்தாகணும்.

வேட்டை நடக்கிற விதமும் இதையொட்டித்தான். விடியும்போது சேவல் மரத்திலிருந்து கத்தும். இயற்கையில் பெட்டைதான் அந்தச் சத்தத்தைத் தேடிப் போகும். வேட்டைக்காரர் அதைத் தலைகீழா மாத்தணும், பெட்டை மாதிரி குரல் கொடுத்துச் சேவலை வரவைக்கணும். அதுக்குப் பலகைக்கல்லில் குச்சியை உரசுவாங்க, மரப்பெட்டியின் மூடியைத் தேய்ப்பாங்க. இந்தப் பெட்டிக்கு 1897-லேயே ஆர்கன்சாவில் ஒருத்தர் காப்புரிமை வாங்கிட்டார். வான்கோழியோட இறக்கை எலும்பையே ஊதலாக்குவது அந்த மண்ணின் பூர்வகுடிகள் காட்டின வழி. பொம்மைப் பெட்டை ஒண்ணையும் நட்டு வைப்பாங்க. நம்ம பக்கம் கௌதாரி பிடிக்கிறவங்க கூண்டுக் கௌதாரியைப் "பார்வை" வச்ச மாதிரிதான். (இங்கே அது 1972 வன உயிர்ச் சட்டப்படி குற்றம், நினைவிருக்கட்டும்.) சிவப்பு, வெள்ளை, நீலம் எந்த நிறத்துணியும் வெளியே தெரியக் கூடாது. கிளர்ச்சியில் இருக்கிற சேவலின் தலை அந்த மூணு நிறத்திலும் இருக்கும், இன்னொரு வேட்டைக்காரர் உங்களையே சேவல்னு நினைச்சுச் சுட்டுடலாம்.

அது வந்து விசிறி மாதிரி வாலை விரிச்சு ஆடுதே, அந்த ஆட்டத்தைப் பார்த்தா மயிலைக் காப்பியடிக்குதுன்னு சொல்லவே தோணாது. அது அதோட சொந்த ஆட்டம்.

பெரும்பாலானவங்க துப்பாக்கிதான் எடுத்துட்டுப் போறாங்க, ரவையைத் தலையும் கழுத்தும் சேர்ற இடத்துக்குக் குறி வைப்பாங்க. வில்லாளிக்குச் சிக்கல் வேற. வான்கோழியின் கண் அப்படிப்பட்டது, நாணை இழுக்கக் கை அசைஞ்சாலே காணாமப் போயிடும். குறுக்குவில்லில் நாணை முன்கூட்டியே இழுத்துக் கொளுவி வச்சுடலாம், விசையைத் தட்டினா போதும். நூத்தைம்பது இருநூறு பவுண்டு இழுவிசை, அதுக்குக் கயிறோ கைச்சுழற்சியோ வேணும். அடிபட வேண்டிய இடம் ஒரு கைப்பிடி அளவு, இறகு விரிஞ்சு நிக்கும்போது அது எங்கேன்னே தெரியாது. முப்பது கஜத்துக்குள்ள வந்தால்தான் அடிக்கணும். தப்பினா அடுத்த அம்பு போடறதுக்குள்ள அது அடுத்த காட்டில் இருக்கும்.

குறுக்குவில்லுக்கு எப்பவுமே கெட்ட பேர்தான். கிறிஸ்தவர் மேல அதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 1139-ல் திருச்சபைச் சங்கமே தடை போட்டது. எட்டாம் ஹென்றி, வருமானம் குறைஞ்சவன் குறுக்குவில் வச்சிருக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டார், இங்கிலாந்துக்கு வான்கோழி வந்ததும் அவர் காலத்தில்தான். நம்ம தெற்கிலும் அது புதுசில்லை, தென்னிந்திய ஊதுகுழல், வளரி, குறுக்குவில் மூணையும் பத்தி ஜேம்ஸ் ஹார்னெல் 1924-ல் கட்டுரையே எழுதியிருக்கார். அமெரிக்காவில் கைவில்லாளிகள் அதைப் பாதித் துப்பாக்கின்னு ரொம்ப நாள் எதிர்த்தாங்க. ஓஹையோ 1970-களிலேயே மான் வேட்டைக்கு அனுமதிச்சது. பக்கத்துப் பென்சில்வேனியா வில் வேட்டைக் காலத்தில் எல்லாருக்கும் அனுமதிக்க 2009 ஆச்சு. தோள் வலிக்கிற வயசானவங்களும் ஊனமுள்ளவங்களும் காட்டுக்குப் போக முடியுதே, எனக்கு அது நியாயமாத்தான் படுது.

பணம் எங்கிருந்து வந்ததுன்னு கேட்கணுமே. 1937-ல் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் ரவைக்கும் 11 சதவீதம் வரி. அந்தப் பணம் மாநிலங்களின் வன உயிர்த் துறைக்குத்தான் போகணும். 1970-களில் வில்லும் அம்பும் அந்த வரிக்குள் வந்தது. அடிக்கிறவன் கொடுத்த காசில்தான் பீரங்கி வலை வெடிச்சது. 1930-களில் வெறும் ஆயிரங்களில் எண்ணப்பட்ட பறவை, 2000-க்குப் பிறகு 60 லட்சத்தைத் தாண்டியது.

ஆனா கணக்கு இப்போ இடிக்குது. கடந்த பதினைந்து இருபது வருஷமா தெற்கு மாநிலங்கள் பலவற்றில் குஞ்சுகள் தேறுவது குறைஞ்சிருக்கு. ராக்கூனின் ரோமத்துக்கு விலை போனதால் பொறி வைப்பார் இல்லை, முட்டையைத் தின்ன ராக்கூன் பெருகிப் போச்சுன்னு ஒரு தரப்பு சொல்லுது. இன்னொரு தரப்பு வேட்டைக் காலத்தையே சந்தேகப்படுது. கூட்டத்தில் மூத்த சேவல்தான் பெரும்பாலும் இணை சேரும், பெட்டை இணை சேர்றதுக்கு முன்னாடியே அதைச் சுட்டுட்டா அடுத்த சேவல் தலையெடுக்க நாளாகும், அடை தள்ளிப் போகும்னு அவங்க சொல்றாங்க. பட்டியில் பெரிய சேவலைப் பிடிச்சு வித்த வாரத்தில் மிச்சச் சேவலெல்லாம் ஒண்ணையொண்ணு கொத்திக்கிட்டே இருக்கும். அதனால எனக்கு இது எளிதா நம்பக்கூடியதா இருக்கு. சில மாநிலங்கள் வேட்டை தொடங்கும் தேதியை ஒரு வாரம், இரண்டு வாரம்னு தள்ளி வச்சிருக்கு. ஓஹையோவில் ஒரு வசந்தத்துக்கு ஒருத்தருக்கு இரண்டு சேவல்னு இருந்ததை 2022-ல் ஒண்ணாக் குறைச்சாங்க. நண்பரின் மகனோடு வேலை செய்யறவருக்கும் அந்த ஒண்ணுதான்.